அச்சம் பரவிய ஒன்பது நாட்கள்

அரசியல் அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காத ஆள் எங்கள் ஊர் அருமனையில் இல்லை, சார். என் அப்பாவும் கேட்டார். விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. எனக்கும் தெரியாது.

தண்ணீர் தந்ததற்கு நன்றி. வாக்குமூலத்தை நிதானமாகவே சொல்கிறேன், வரிசை தவறாமல் இருக்கும்.

என் பெயர் சபிதா. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது நான்காவது வருடம். பயந்துபோன மக்கள் யாரை நம்புவார்கள், யார் சொன்னால் கேட்பார்கள், யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதுதான் தலைப்பு. கடற்கரை ஊர் ஒன்றில் ஆறு மாதம் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினேன். மூன்றாம் இயலை எழுதி என் நெறியாளர் நேசபாய் மேடத்திடம் கொடுத்தேன்.

"ஏட்டி சபிதா, இதெல்லாம் புஸ்தகத்துல உள்ளதுதானே? பயம் பயம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்க. பயத்தை நீ எங்கயாவது கண்ணால பார்த்தியா?" என்றார்.

திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் திரும்பி வரும்போது பேருந்துக் கம்பியைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. டிசம்பருக்குள் சமர்ப்பிக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே மேசைக்குக் கீழே குனிந்துகொள்வேன். பயத்தைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர் அந்தத் துறையில் யாரும் இல்லை என்பதை மேடம் கவனிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வாய்க்கு மேல் துப்பட்டாவை மடித்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் நாற்பது நொடி பேசினேன். சாக்குப் பையோடு வெளியூர் ஆட்கள் வந்திருக்கிறார்கள், பக்கத்துக் கரையில் இரண்டு பிள்ளைகளைக் காணவில்லை. அவ்வளவுதான் செய்தி. புதிய எண் ஒன்றிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேருக்கு அனுப்பினேன். மூன்றே பேருக்குத்தான், சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அனுப்பியது அவர்கள்தான்.

அந்தக் கடற்கரை ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். எனக்கு மதியச் சாப்பாடு கிளாரா அக்கா வீட்டில். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். மகள் பெபிஷாவுக்கு நாலு வயது. மூன்றாம் நாள் போனபோது அக்கா மணலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் மணிக்கட்டு அவருடைய இடுப்போடு ஒரு துண்டால் கட்டப்பட்டிருந்தது.

"டீச்சரே, கேட்டியளா இதை? ஏழு பிள்ளையளைக் காணல்லியாம்," என்று என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு என்று நான் சொன்னது அப்படியே இருந்தது. ஏழு என்பது அதற்குக் கீழே வேறு யாரோ எழுதிச் சேர்த்தது. "நெஞ்சு அடைக்குது டீச்சரே. கஞ்சி இறங்கல்ல."

"கவனமா இருங்கக்கா," என்றேன். வேறென்ன சொல்வது.

ஐந்தாம் நாள் ஆண்கள் துடுப்பும் கம்புமாகத் தெருமுனைகளில் நின்றார்கள். அன்று எனக்கே பயம் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் சாக்குப் பையோடு நின்ற முதியவர் ஒருவரைப் பார்த்ததும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் ஓடினேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கே அங்கே நிற்கத் தைரியமில்லை. அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

எட்டாம் நாள் ஜெஃப்ரின் தொலைபேசியில் அழைத்தான். பூதப்பாண்டிக்காரன், என் துறையிலேயே ஆய்வு செய்தவன். எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. கேன்டீனில் ஒரே மேசை, அவ்வளவுதான். செய்தி சுற்றிச் சுற்றி அவன் அம்மாவின் கைப்பேசிக்கு வந்திருந்தது.

"ஏட்டி, அது உன் கொரலுல்லா? துணிய வச்சு மூடினா எனக்குத் தெரியாதா?"

நான் அழுதேன். அவன் கோபப்படவில்லை.

"பயப்படாத மக்கா. நாளைக்கு நானும் வாறேன். அந்த அக்காமாருகிட்ட நேர்ல சொல்லிருவோம். பொறவு ரெண்டு பேருமா மேடத்துட்ட போவோம்," என்றான்.

நல்லவன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டது. நான் கிளாரா அக்கா வீட்டுக்குள் இருந்தேன். ஒரு பெண் கூவுவது கேட்டது. பிறகு ஓடும் காலடிகள், நிறைய. அக்கா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். பள்ளி வாசலில் நாற்பது பேர் இருக்கும். நடுவில் ஜெஃப்ரின் சட்டை கிழிந்து நின்றான். அவன் கையிலிருந்த சாக்குப் பையை ஒருவர் உயர்த்திப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

"சபிதா வந்துட்டா. அவகிட்ட கேளுங்க," என்றான்.

கூட்டம் அடங்கியது. ஆறு மாதம் அவர்கள் ஊரில் சாப்பிட்டவள் நான். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

"டீச்சரே, இவன் உங்க பேரைச் சொல்லுகான். ஆளைத் தெரியுமா?" என்று கிளாரா அக்கா கேட்டார்.

தெரியும் என்றால் எதற்கு வந்தான் என்பது அடுத்த கேள்வி. எல்லாக் கண்களும் என் மேல் இருந்தன. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை, சார்.

"தெரியாது," என்றேன்.

இதுவரை நீங்கள் எழுதியதெல்லாம் சரி. ஆனால் கடற்கரைக்கு வந்தவன் ஏன் பள்ளி வாசலில் நின்றான் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவனுடைய கைப்பேசி கிடைத்தால் எப்படியும் தெரிந்துவிடும். சரியாக மூன்றரைக்கு அங்கே நில், நான் வரத் தாமதமானால் பிள்ளைகளிடம் டீச்சர் எங்கே என்று கேள் என்று செய்தி அனுப்பியது நான். கேள்வித்தாள்களை அள்ளிப் போட ஒரு பெரிய சாக்குப் பை கொண்டு வரச் சொன்னதும் நான்தான். அதை அனுப்பும்போது எனக்குக் கை நடுங்கவில்லை.

அடி விழத் தொடங்கி அவன் மூச்சு நிற்கப் பதினோரு நிமிடம் ஆனது. பாதியில் அவன் என் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டான். நான் கடைசிவரை அங்கேயே நின்றேன். மூன்றாம் இயலைத் திருத்தி எழுதி மேடத்துக்கு அனுப்பிவிட்டேன், அந்தப் பதினோரு நிமிடமும் அதில் இருக்கிறது. ஆய்வு செய்கிறவள் கண்ணால் கண்டதை மறைக்கக் கூடாது அல்லவா?