அரை மணிக்கு இரண்டு டிகிரி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை ஐயா, குடித்துவிடுகிறேன். பதினான்கு வருடமாகத் தண்ணீரில்லாமல் மக்காச்சோளத்தைப் பிழைக்க வைக்கும் ஆராய்ச்சி. எதையும் வீணாக்க மனம் வராது.

என் ரகம் வறட்சியிலும் வெயிலிலும் வாடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான்தானே சொன்னேன். சோதனையில் மட்டும் அது கொஞ்சம் அடம்பிடித்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளில்லாத நேரம் பார்த்து, செடித்தொட்டிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். பெற்ற மனம், என்ன செய்ய?

தொட்டிகளைத் தினமும் எடைபோடுபவர் என் மனைவியின் அண்ணன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதற்கு நன்றியாக, மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடைபோட்டார். போன வெள்ளிக்கிழமை நோட்டும் கையுமாக என் அறைக்கு வந்தார்.

"மாப்பிள, திங்கக்கிழமை மட்டும் தொட்டி எடை கூடுது. ஞாயித்துக்கிழமை யாரோ தண்ணி ஊத்துறாங்க."

யாராக இருக்கும் என்று நானும் அவரோடு சேர்ந்து வியந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இத நம்பி விதைக்கிறவங்க கதி என்ன? நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா குழு முன்னாடி நான் சொல்ல வேண்டியிருக்கும்."

ரகத்துக்கு அனுமதி தரும் குழு திங்கட்கிழமை கூடுவதாக இருந்தது. சொந்தம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

கடைசியாக ஒருமுறை எடைபோடுங்கள், உள்ளதை உள்ளபடி குழுவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று ஞாயிறு காலை, செடிகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும் வெப்ப அறைக்கு வரச்சொன்னேன். பாவம், சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். சூட்டில் கெட்டுவிடுமென்று போனை என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். விதிமுறை என்றால் அவருக்கு உயிர்.

கதவை வெளியே தாழிட்டது நான். உள்பக்கக் கைப்பிடியைச் சனிக்கிழமையே கழற்றி வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கொடுமைக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எடுத்த எடுப்பிலேயே சூட்டை ஏற்றினால் எந்த உயிரும் தாங்காது; மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், என் தொழிலே அதுதானே. காலை ஒன்பதுக்கு, முப்பத்தைந்தில் தொடங்கினேன். அரை மணிக்கு இரண்டு டிகிரி, அதற்கு மேல் ஏற்றவில்லை. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், சாப்பிடக்கூடப் போகவில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார். தட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்று மணிக்குத் தட்டுவதை நிறுத்தினார். பழகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.