நாலு கட்டத்து அட்டை

"ஹலோ... ஹலோ... மெட்ராஸா? ... ஆமா, ஆமா, திண்டுக்கல் பூட்டுக் கம்பெனி நல்லுசாமிதான் பேசுறேன்... கேக்குது, கேக்குது, சொல்லுங்க சார்."

கம்பெனிக்குப் புதுக் கணக்கு முறை வகுத்துக் கொடுத்த மெட்ராஸ் ஆலோசகருக்கு டிரங்க் கால் கிடைக்க மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே நின்ற குமாஸ்தா சூசைமுத்துவை முதலாளி உட்காரச் சொல்லவில்லை. வெளியே போகவும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷ உழைப்புக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்திருப்பார்.

"அட்டையா? நாலாயிரம் பூட்டுக்கும் எழுதியாச்சு சார்... ஆமா, நீங்க அச்சடிச்சு அனுப்புன அதே அட்டைதான். பூட்டு நம்பரு, அளவு, தேதி, வாங்குனவரு பேரு, நாலே கட்டம்... சேச்சே, ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. ஊருக்கெல்லாம் ஒரே முறை, நாமதான் அதுக்குத் தக்கன மாறிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க... ரொம்பச் சவுகரியம் சார்! முந்தாநாள் வந்த பிள்ள, ரோசலின்னு பேரு, ரெண்டே நாள்ல படிச்சிருச்சு. மதுரைக் கடையிலயும் இதே அட்டை. ஒருத்தன் மண்டைய நம்பிக் கம்பெனி நடத்துற கதை இன்னையோட முடிஞ்சுபோச்சு..."

அந்த ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதுனவனா? இங்கனதான் நிக்கிறான்... கேட்டா கேக்கட்டும் சார். முடிச்சா மேனேசர் ஆக்குறேன்னு சொல்லி வச்சேன். மூணே மாசத்துல எழுதித் தள்ளிட்டான்... ஹஹ்ஹா... ஆமா, ஆமா, இன்னையோட அவன் வேலையும் சரி."

மேனேஜர் வேலை என்று சூசைமுத்துவின் மனைவி ரோஸ்மேரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"பழைய நோட்டா? அதுவும் இதுவும் சேந்து ஓடக் கூடாதுன்னு நீங்க கடுதாசி போட்டீங்கள்ல... காலையில அவன் கையாலயே வெந்நி அடுப்புல போட வச்சேன். ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிறேன்னு அழுதான் பாருங்க..."

இந்தக் கம்பெனிப் பூட்டெல்லாம் கையால் அராவியவை. ஒரு சாவி இன்னொன்றைப் போல இருக்காது. அதனால் ஒவ்வொரு பூட்டும் விலைக்குப் போகுமுன் அதன் சாவியை நோட்டில் படுக்கவைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்துகொள்வார் சூசைமுத்து. சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் புதுச்சாவி வெட்டுவது. படம் போட ஒரு கட்டம் வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். அட்டையில் இல்லாதது கம்பெனிக்கும் வேண்டாம் என்று முதலாளி வாயை அடைத்துவிட்டார்.

"என்ன சார்? ... அட, போன வருசம் இங்கன வந்தப்ப வாங்கிட்டுப் போனீங்களே, அந்தப் பூட்டா? ... சாவி தொலைஞ்சுபோச்சா! ... பெட்டிக்குள்ள மக கல்யாணப் பட்டுச் சேலையா! ... இதுக்குப் போயி ஏன் சார் கவலை? நம்பரச் சொல்லுங்க, உங்க முறையோட பெருமைய நீங்களே பாருங்க... மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு. ஏலே சூசை, எடுலே அட்டைய... எடுத்தாச்சு சார்! அர நிமிசம் ஆகல! நம்பரு சரி. அளவு மூணு அங்குலம். தேதி இருக்கு. வாங்குனது சாட்சாத் நீங்கதான்... ஆங்? சாவியா? ... சாவி... செத்த இருங்க சார்."

முதலாளி அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஏலே, சாவிப் படம் எங்கலே?"

சூசைமுத்து, வெந்நீர் அடுப்பு இருந்த கொல்லைப்புறத்தின் கதவைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல, தேடுறோம்... நாலாயிரம் பூட்டு... சூசை... சூசையண்ணே, ஒரு நோட்டாச்சும் ஒளிச்சு வச்சிருப்பீங்கள்ல? ... மூணு நிமிசம் ஆயிருச்சா? அம்மா, எக்ஸ்சேஞ்சம்மா, வெட்டிராதீங்க... ஏலே, ஆர்ரா அங்க, அடுப்புல தண்ணிய ஊத்துங்கடா! ... ஹலோ... ஹலோ..."

லைன் போய்விட்டது.

மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சூசைமுத்துவுக்குச் சந்தோஷமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அடுப்பு எப்போதோ ஆறிப்போயிருந்தது. அந்த நோட்டுகள் காய்ச்சிக் கொடுத்த வெந்நீரில்தான் முதலாளி காலையில் சுகமாகக் குளித்திருந்தார்.