தேதி போடாத கடிதம்

"தலையக் குனிங்கண்ணே! குனிங்க!"

செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து நாற்பது. 1999 ஜூன், கார்கில் பக்கத்து மலை. முதலில் நீளமாக ஒரு விசில், குண்டு வரும் சத்தம். பிறகு நெஞ்சுக்குள் ஓர் அடி. ஓடுகிறேன். ஓடுகிறேன் என்பது மரியாதைக்கு. உருளுகிறேன். எங்கள் ஊர் விளாங்குடியில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. வயது நாற்பத்தொன்று. ராணுவத்தில் கிளார்க். என் ஆயுதம் ரப்பர் ஸ்டாம்பு.

கத்தியவர் லெப்டினன்ட் கோபிநாத். வயது இருபத்துநான்கு. எங்கள் ஊர்ப் பக்கம், வில்லாபுரத்துக்காரர். ஆள் இருக்கும்போது எனக்கு அவர் 'சார்'. ஆள் இல்லாதபோது அவருக்கு நான் 'அண்ணே'. அன்று சுற்றிலும் பத்துப் பேர். அண்ணே என்றுதான் கத்தினார்.

இரண்டாவது விசில். அதை நான் முழுதாகக் கேட்கவில்லை. இடது காது அத்தோடு போயிற்று. புகை விலகியது. ஆறடி தள்ளிக் கிடந்தார். பார்த்தேன். பார்த்ததை எழுதப்போவதில்லை. என் கம்பளியால் மூடினேன்.

இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் அவர் சொல்ல நான் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். அவர் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம், கடிதம் தமிழ். அவர் படித்ததெல்லாம் வடக்கே, விடுதிப் பள்ளியில். தமிழ் பேசுவார். எழுத வராது.

"சாப்பாடு நல்லாருக்குன்னு போடுங்கண்ணே."

"மூணு நாளா பிஸ்கட்டுதான சார்?"

"பிஸ்கட் நல்லாத்தான இருக்கு? அடுத்த வாரம் போன் பண்றேன்னும் போடுங்க. நானே தமிழ்ல எழுதுறேன்னு அம்மா பெருமையாச் சொல்லிட்டுத் திரியுது. போட்டுக் குடுத்துறாதீங்க."

கீழே அவர் கையெழுத்துப் போட்டார். நான் தேதி போடவில்லை. தேதியில்லாத லீவு விண்ணப்பங்களைப் பதினெட்டு வருடமாகத் திருப்பியடித்தவன் நான்.

சவப்பெட்டி ஐந்தாம் நாள் வில்லாபுரம் போனது. மூடி ஆணியடித்தது. திறக்கக்கூடாது என்று உத்தரவு. கடிதம் ஒன்பதாம் நாள் போனது.

ஜூலையில் காதில் கட்டோடு லீவில் வந்தேன். ஊரில் இறங்கியதும் செய்தி காத்திருந்தது. பெட்டிக்குள் இருந்தது வேறு யாரோ என்கிறாராம் கோபிநாத்தின் அம்மா. காரியம் செய்ய விடவில்லை. அப்பா இல்லாத வீடு. எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியமில்லை. வில்லாபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை.

அம்மா போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோபிநாத்தோடு மலையில் இருந்தவன் என்று சொல்லிக்கொண்டேன்.

"உக்காருங்க தம்பி. மெதுவாப் பேசுங்க, போன் வந்தாக் கேக்காது. அடுத்த வாரம் பண்றேன்னு எழுதிருக்கான். மூஞ்சியக் காட்டுங்கடான்னா ஒருத்தனும் காட்டல. பெட்டி வந்து நாலு நாள் கழிச்சு, செத்தவன் எப்படித் தம்பி கடுதாசி போடுவான்?"

ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டேன். பேனாவை எடுத்தேன். கிடந்த உறையின் பின்பக்கம் எழுதினேன். 'சாப்பாடு நன்றாக இருக்கிறது.'

அவர் கடிதத்தை எடுத்து உறையின் பக்கத்தில் வைத்தார். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். தெருவில் ஒரு ஆட்டோ மூன்று முறை ஹாரன் அடித்தது. வலது காதில் கேட்டது.

"அப்ப இது அவன் எழுத்தில்லையா?"

"பேச்சு அவரோடதும்மா. எழுத்துதான் என்னோடது. ஞாயித்துக்கிழமை எழுதுனது. செவ்வாய்க்கிழமை நான் பக்கத்துல இருந்தேன்."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. அவர்தான்."

தனக்குள் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. யாரிடம் சொன்னாரோ அவருக்குப் புரிந்திருக்கும். பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"தேதி போடுங்க."

போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி. அவர் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டார்.

இழந்தவை இவை. அந்தக் காலையில் மூன்று பேர், அதில் ஒருவர் லெப்டினன்ட். ஒரு காது. ஒரு கம்பளி. அந்த மலையில் என்னை அண்ணே என்று கூப்பிட இருந்த ஒரே ஆள். வில்லாபுரத்தில் ஒரு அடுத்த வாரம்.

கடைசியதை எடுத்தவன் நான்.