கண்டுபிடித்தவர் பெயர்

மூங்கில்துறைப்பட்டு பஸ் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. என் பின்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் தோழியிடம் கிசுகிசுத்தாள்.

"ரெண்டு பெரிய நம்பர பெருக்கறப்ப ஒவ்வொண்ணயும் ரெண்டா உடைச்சா நாலு பெருக்கலு வேணாம், மூணே போதும்னு கண்டுபுடிச்சது நம்ம சார் இல்லடி. வெளிநாட்ல ஒரு மாணவராம். அத எழுதி, அந்த மாணவர் பேர்லயே அச்சுக்குக் குடுத்தது அவரோட வாத்தியாராம்."

"நீ புராஜெக்ட்ல யாரு பேரு போட்டுக்கினு இருக்க?"

"நம்ம சார் பேருதான். அவரே எழுதச் சொன்னாரு. நாளைக்கி வெளியூர்லேர்ந்து கேள்வி கேக்க வராங்க."

"சார்கிட்டயே சொல்லிடேன்."

"காலையிலயே சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

அவள் செல்போனைப் பார்த்து வாசித்தாள்.

"'கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு, உன் பெயரைப் போடு.'"