மௌனத்துக்குத் தாளம் போட்ட கை

அமைதியால் அவை ஆளும் தலைவர் பாலேந்திரா அண்ணை அவர்களே, ஆன்றோரே, லண்டன் ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தை நிறைத்திருக்கும் அன்னையரே, இசைப்பள்ளியின் இளந்தளிர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கடந்த மாதம் மறைந்த தொமோயே இசோகாவா அம்மையாரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஜப்பானில் மீன்பிடி ஊரொன்றில் பிறந்தவர். திரைக்கும் இசை எழுதினார், பெருங்கச்சேரி மேடைக்கும் எழுதினார். பத்திரிகைக்காகச் செவ்வி காணப் போனபோது என்னிடம் சொன்னார்: "எழுதுவதல்ல, அழிப்பதே என் வேலை." எழுதி எழுதி உயர்ந்தவரைப் பார்த்திருக்கிறோம். அழித்து அழித்து உயர்ந்தவரைப் பார்த்திருக்கிறோமா?

தன் கடைசிப் படத்தின் இசையைப் பதிய லண்டன் வந்தார். நிருபனாக நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். காட்சி இதுதான்: போருக்குப் போன மகனுக்காக ஒரு தாய் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். எல்லோரும் இறங்குகிறார்கள். அவன் இறங்கவில்லை. அந்த இடத்தில் அம்மையார் இசை எழுதவில்லை, மௌனம் எழுதினார். தாய்மாரே, உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

மௌனம் முடிந்ததும் வயலின்கள் வர வேண்டும். வாசிப்பவர் எல்லோர் காதிலும் கருவி. அதில் டிக், டிக் என்ற எண்ணிக்கை. பிசகாமல்தான் வந்தார்கள். ஆனால் கடிகாரம் அடித்ததுபோல் வந்தார்கள். அம்மையார் இல்லையென்று தலையசைத்தார். மீண்டும். மீண்டும்.

அடுத்த முறை, மௌனத்தின் நடுவே "தட்" என்று ஓர் ஓசை. தயாரிப்பாளர் கொதித்தார். யார் அது?

பின் வரிசையில் வயலினோடு எழுந்து நின்றாள் நம் வத்சலா. ஓம் அண்ணை, முன்வரிசையில் இருக்கிற செல்வமலர் அக்காவின் மகளேதான். சுகமில்லாத ஒருவருக்குப் பதிலாக, முதல்முறை அங்கே வந்தவள். பிழை விட்டால் மறு அழைப்பு இல்லை. சின்ன வயதில் விம்பிள்டன் சங்கீத வகுப்பில் பழகிய ஆதி தாளத்தை, அவள் அறியாமலே அவள் கை தொடையில் போட்டுவிட்டது. பிறகு என்னிடம் சொன்னாள்: "கை தன்ர பாட்டில போட்டிட்டுது அண்ணை. இனி இஞ்ச வரேலாது எண்டுதான் நினைச்சன்."

அம்மையார் இறங்கி வந்தார். போட்டுக் காட்டச் சொன்னார். தட்டினாள், விரல் எண்ணினாள், உள்ளங்கையைத் திருப்பி வீசினாள். விரிந்த உள்ளங்கையையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கட்டளையிட்டார்: காதுக்கருவிகளைக் கழற்றுங்கள். இந்தக் கை ஒலிக்காமல் எண்ணட்டும். கடைசியில் விரியும்போது எல்லோரும் மூச்செடுத்து வாருங்கள்.

கூடமே ஒரு கையைப் பார்த்தது! பிசிறில்லை, பதற்றமில்லை, உள்ளங்கை மலர்ந்தது, வில்கள் இறங்கின. அது எண்ணிக்கை அல்ல, காத்திருப்பு. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். தயாரிப்பாளர் வத்சலாவை மறுநாளும் வரச் சொன்னார்.  

மறைந்தவருக்காக எழுந்து நிற்பது வழக்கம். இவருக்கு எழ வேண்டாம். இருந்தபடியே, ஒலியில்லாமல், ஓர் ஆதி தாளம் போடுங்கள். செல்வமலர் அக்கா, நீங்களும்தான். கடைசியில் உங்கள் உள்ளங்கைகள் விரியும். அதைப் பார்த்து, இசைப்பள்ளியில் வத்சலாவிடம் பயிலும் மாணவர்கள், அன்று மௌனத்துக்குப் பின் வந்த அதே இசையைத் தொடங்குவார்கள். செவி தந்த உங்களுக்கு நன்றி, வணக்கம். இனி உங்கள் கை பேசட்டும்.