நாரி நோவுக்குப் போட்ட குளிசை

தலைமன்னார் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எலியின்ர ஈரலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. அண்ணாவின்ர ஈரல் அழிஞ்சதுதான் தெரியாமப் போச்சு."

"நீ கம்பசில அதைத்தானே ஆராய்ச்சி செய்யிறாய்?"

"ஓம். நோவுக்குப் போடுற மருந்துக் குளிசையை எலியின்ர ஈரல் எப்பிடி உடைக்குது, அளவுக்கு மிஞ்சினா ஈரலே எப்பிடிச் சாகுது எண்டு."

"அவருக்கு வலை இழுத்து இழுத்து நாரி நோ, இடுப்பை நிமிர்த்தேலாது. குளிசை போடாமல் கடலுக்குப் போகேலாது."

"அவ்வளவு போட்டவர் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே! புருசனுக்குக் கண் மஞ்சளான பிறகுதான் மச்சாள் எனக்குப் போன் எடுத்தவ. நான் வந்து சேரேக்க ஆள் உயிரோட இல்லை."

மூத்தவள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள் மறிச்சவ பிள்ளை. அவர்தான் கேக்கேல்லை."

"என்ன சொன்னவர்?"

"'இது என்ர தங்கச்சி ஆராய்ச்சி செய்யிற குளிசை, எனக்கு ஒண்டும் செய்யாது' எண்டு சொல்லுவார். கரையில எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுவார்."

பேசாலையில் பஸ் நின்றது. மூத்தவள் இருவருடைய பைகளையும் எடுத்துக்கொண்டு இறங்க எழும்பினாள். இளையவள் எழும்பவில்லை.