பங்காக் கயிறு போன வழி

அறுபதுகளில் ஒரு டிசம்பர் காலை, லிங்கராஜபுரம் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர், தங்கள் கிறிஸ்தவக் கோயிலின் சரித்திரத்தை எழுதி அச்சுக்குக் கொடுக்கப்போவதாக எதிர்சீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் முழுக்கக் கேட்கிற குரல்.

“வெள்ளைக்காரங்க போனப்புறந்தான் நம்ம ஜனம் அந்தக் கோயிலுக்கு வந்துச்சுன்னு எழுதியிருக்கேம்மா.”

“எங்கப்பா அதுக்கு முன்னாடியே ஒரு ஞாயித்துக்கிழம தவறாம வந்தாரு அண்ணே.”

“துரைங்களோட உள்ளயா உக்காந்தாரு?”

“வெளியில. பங்கா இழுக்கற வேலை. துரைங்க தலைக்கு மேல பங்கான்னு பெரிய துணிவிசிறி ஆடும். சுவத்துல ஒரு ஓட்டை இருக்குதில்ல, அது வழியா கயிறு மட்டும் உள்ள போவும். பாட்டு, பிரசங்கம் எல்லாம் அந்த ஓட்டையிலதான் கேட்டாரு. அதையும் எழுதுங்க.”

“எழுதலாம்மா. ஆனா ஓட்டைய பூசியாச்சு. போன வாரம் சுண்ணாம்பு அடிக்கறப்ப நான்தான் பூசச் சொன்னேன். காலை ஆராதனையில குளிர்காத்து தாங்க முடியல.”



“உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து வரணும்னுதானே அண்ணே அந்த ஓட்டையே போட்டாங்க.”